அளவு ஆறரை

தூத்துக்குடிக்கு லாரி கிளம்பும் முன்
பெட்டியில் வைக்கோல் விலக்கி ஒருமுறை பார்த்தேன்.
பீங்கான் கைகள், நானூற்று எண்பது,
வகுப்பில் யாரோ கேள்வி கேட்டதுபோல
எல்லாம் விரல் நீட்டி.

வியட்நாமில் கம்பெனிக்குப் புது ஆலை.
அங்கே பால் மலிவு, கரண்ட் போகாது,
துறைமுகம் வாசலிலேயே என்கிறார் வில்பிரட் முதலாளி.
ஆராய்ச்சி ஹனோவரில்.
குலசேகரத்தில் மிச்சம்
மழையும் நாங்களும்
இந்த ஒரு லிட்டர் தண்ணீரும்.
கையுறையில் ஊற்றி இரண்டு நிமிடம் தொங்கவிட்டு
ஒழுகுதா என்று பார்க்கிறேன்.
பதினோரு வருஷமாய்ப் பார்க்கிறேன்.

ஐப்பசிப் பால் ஏன் நீர்க்கிறது
என்று ஹனோவரிலிருந்து கேட்டார்கள்.
இங்கே வருஷத்துக்கு இரண்டு மழை,
மரத்துக்குப் பிளாஸ்டிக் பாவாடை கட்டினாலும்
சிரட்டையில் சாரல் விழும் என்று எழுதினேன்.
அட்டவணையில் மழைக்குக் கட்டம் இல்லையாம்.
'பிற காரணங்கள்' என்று போட்டுக்கொண்டார்கள்.
பேச்சிப்பாறை திறந்து
கோதையாறு கலங்கி வந்த அன்றும்
பிற காரணங்கள்தான்.

போன ஆடியில் ஒரு கருவி கொண்டுவந்து
எங்கள் கைகளை அளந்தார்கள்.
பாத்திமுத்து மருதாணியோடு வைத்தாள்.
விஜிலா மோதிரம் கழற்ற சோப்பு கேட்டாள்.
எனக்க சுண்டுவிரல்
கன்வேயரில் சிக்கி வளைந்தது, நிமிராது.
இதையுமா என்றேன்.
"எல்லாம் சேர்த்து சராசரிதான்க்கா எடுப்போம்"
என்றான் அந்தப் பையன், ஆறுதலாக.

இரவு ஒன்பதுக்கு போனில் லிண் வருகிறாள்,
புது ஆலையில் என் வேலை பார்ப்பவள்.
அவளுக்கு அப்போது பத்தரை.
அம்மோனியா கூடினால்
மீட்டருக்கு முன்னால் கண் சொல்லும் என்பதற்கு
எனக்கு இங்கிலீஷ் வரவில்லை.
கண்ணைக் கசக்கிக் காட்டினேன்.
அவளும் கசக்கினாள்.
ரெண்டு பேரும் அழுகிறோம் என்று நினைத்து
மகன் டிவி சத்தத்தைக் குறைத்தான்.

நேற்று அங்கிருந்து முதல் மாதிரி வந்தது.
மாட்டிப் பார்த்தேன்.
நாலு விரலுக்கு அளந்து தைத்ததுபோல்.
ஐந்தாவதின் நுனியில்
அரை அங்குலம் காற்று.

கழற்றித் தண்ணீர் ஊற்றித் தொங்கவிட்டேன்.
இரண்டு நிமிடம். ஒழுகவில்லை.
பாஸ் என்று எழுதினேன்.
குறிப்பு என்ற கட்டத்தில்
'சுண்டுவிரல் பக்கம் இடம் கூடுதல்' என்று எழுதி
அடித்துவிட்டு
கையெழுத்துப் போடும் முன்
திரும்ப எழுதினேன்.