முன்பக்கம்

படிவம் சென்னையிலிருந்து வந்தது,
கடலுக்கென்று அச்சடித்தது.
நீளம். அகலம். ஆழம்.
என்ஜின் குதிரைத்திறன்.
முன்பக்கம் எது, பின்பக்கம் எது.

தூத்துக்குடியில் ஒன்பது வருஷம்
தோணிகளை அளந்தவள் நான்.
வெங்காயமும் ஜல்லியும் ஏற்றி மாலத்தீவு போகிறவற்றின்
விலாவில் சுமைக்கோடு தேடிக்
குனிந்து குனிந்து கழுத்தெலும்பு தேய்ந்தது.
மாற்றல் உத்தரவில் ஒகேனக்கல் என்றிருந்ததைப் படித்துவிட்டு
அடுத்த மேசை உபைதா சிரித்தாள்:
"அங்க கப்பலே இல்லையேடி."

மாமரத்துக்கடவு. காலை எட்டு மணிக்கே
தார் இளகி மணக்கிறது.
அறுபத்தேழாம் எண் பரிசல், கெம்பண்ணா.
டேப்பின் ஒரு முனையை அவரே பிடித்தார்.
நீளம் ஏழடி நாலங்குலம்.
அகலம் ஏழடி நாலங்குலம்.
"முன்பக்கம்?"
துடுப்பை மறுதோளுக்கு மாற்றிக்கொண்டார்.
"ஏறுறவங்க எந்தப் பக்கம் பாக்குறாங்களோ, அதுதாங்க."
கட்டத்தைக் காலியாக விட்டேன்.

மூங்கில் பிளாச்சு: இரண்டு விரிசல்.
அடிப்பூச்சு: சரி.
லைஃப் ஜாக்கெட்: ஐந்து.
அவற்றில் விசில்: இல்லை.
"குரங்குங்க" என்றார். நான் நம்பவில்லை.
மறுவாரம் ஐந்தருவிப் பக்கப் பாறையில் ஒன்று
ஆரஞ்சு விசிலைக் கடித்துக்கொண்டிருந்தது,
கணக்கு வராத பையன்
பென்சிலைக் கடிப்பதுபோல.

ஒரு ஜாக்கெட்டைத் தண்ணீரில் எறிந்து பார்க்க வேண்டும்,
விதி அப்படி.
எறிந்தேன்.
கொஞ்சம் மிதந்தது.
பிறகு ஏதோ யோசித்ததுபோல்
சாய்ந்து, மூழ்கியது.
கரையில் நின்றவர்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை.
கெம்பண்ணா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினார்,
எடுத்து வந்து பிழிந்தார்.
உள்ளிருந்து பழுப்பாக ஒழுகியது.
"மூணு வருசமா இதைத்தான்
சின்னப் பிள்ளைங்களுக்குக் கட்டிவிட்டேன்."
நீர் நின்ற பிறகும்
பிழிந்துகொண்டே இருந்தார்.

ஆடி பிறந்து ஆறாம் நாள், இரவு இரண்டு மணி.
பிலிகுண்டுலுவிலிருந்து செய்தி: நாற்பத்து மூவாயிரம் கன அடி.
போர்வைக்குள்ளிருந்தே தடை உத்தரவைத் தட்டச்சு செய்தேன்,
கட்டை விரலால்.
விடிந்தபோது பரிசல்கள் எல்லாம் கரையில் கவிழ்ந்து கிடந்தன,
என் வெள்ளைப் பெயின்ட் எண்கள் தலைகீழாக.
ஆறு செம்மண் நிறத்தில், ஒரே சத்தம்.
மெயின் அருவி இருந்த இடம் தெரியவில்லை.

ஒன்பதாம் நாள் கெம்பண்ணா அலுவலக வாசலில் நின்றார்.
தளர்த்தக் கேட்பார், மறுக்க வேண்டும் என்று
வாக்கியத்தைத் தயாராக வைத்திருந்தேன்.
அவர் கேட்டது வேறு.
"தடைன்னு ஒரு சீட்டு எழுதிக் குடுங்க மேடம்,
என் பேரு போட்டு.
ஊட்டமலை மளிகைக்காரன்
எழுத்து இருந்தாதான் கடன் தருவானாம்."

எழுதினேன்.
இன்ன எண் பரிசல் இன்ன தேதி முதல்
நீரில் இறங்க அனுமதி இல்லை.
கையெழுத்து. முத்திரை.
உரிமம் அச்சாகி வர இன்னும் ஒரு மாதம் ஆகும்;
அதற்கு முன்
அரசு அவருக்குக் கொடுத்த சான்றிதழ் இதுதான்.
நாலாக மடித்து, பீடிக்கட்டை எடுத்துவிட்டு
அந்தப் பையில் வைத்துக்கொண்டார்.
அரிசி, துவரம்பருப்பு, ஒரு லிட்டர் எண்ணெய்
கிடைத்ததாகப் பிறகு சொன்னார்.
சோப்பு தரவில்லையாம்.

இப்போது எட்டாயிரம் கன அடி. திறந்தாயிற்று.
சென்னையிலிருந்து ஒரு கடிதம்:
வரிசை எண் அறுபத்தேழு, முன்பக்கம் குறிப்பிடப்படவில்லை,
காரணம் தெரிவிக்கவும்.
அதற்கு ஒரு நினைவூட்டு.
அதற்கும் ஒன்று.

கடவில் நிற்கிறேன்.
புது ஜாக்கெட், புது விசில்,
ஓசூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் ஏறுகிறது.
நாலு பேர்தான் என்று நான் எழுதிய விதிக்கு
ஐந்தாவதாக மாமியார் கரையிலேயே நிற்கிறார், கோபமாக,
எல்லோருடைய செருப்புகளோடும்.
உள்ளே நால்வரும் முட்டியோடு முட்டி இடிக்க
வட்டமாக உட்கார்ந்து
ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு
போகிறார்கள்.