இடுப்பளவு

வரைபடம் கேட்டு மூன்றாவது தடவையாக
எழுதியிருக்கிறார்கள், கானாவிலிருந்து.
இல்லையென்று எப்படிச் சொல்ல?
பட்டறைச் சுவரில் குணாளன் சாக்கட்டியால் இழுத்த
நாலு கோடு இருந்தது.
தீபாவளிக்கு வெள்ளையடித்தபோது
நானேதான் அழித்தேன்.

அதற்கு முன் வந்தது ஐரோப்பா இயந்திரம்.
பீடோர் கடைத்தெரு மொத்தமும் வேடிக்கை பார்க்க
லோரியை விட்டு இறங்கியது,
கல்யாணப் பெண்போல் பிளாஸ்டிக் தாள் போர்த்தி.
செம்பனைக்கு அடியில் சிதறிய உதிரிப்பழத்தை
வீட்டுத் தூசியை உறிஞ்சுவதுபோல் உறிஞ்சுமாம்.
உறிஞ்சத்தான் செய்தது.
பழத்தை, மண்ணை, மட்டை முள்ளை,
ஒரு தவளையை.
நாலாம் நாள் மழையில்
முட்டியளவு சேற்றில் உட்கார்ந்துவிட்டது.
இழுத்து வந்தது எருமை.
அந்தப் படத்தை யாரும் கம்பெனிக்கு அனுப்பவில்லை.

ரஃபிக்குல், சில்ஹெட்காரர், எட்டாம் நம்பர் வரிசையில் உதிரி பொறுக்குகிறவர்,
மோட்டார் டயருக்குக் காற்றடிக்க வந்தவர்
கழித்துப் போட்ட சக்கரத்தின் கம்பியை
விரலால் சுண்டிப் பார்த்தார்.
வளைத்தால் கூண்டு.
உருட்டினால் பழம் உள்ளே போகும், வெளியே வராது.
பாதி மலாயில் சொன்னார், பாதி கையில்.
மிச்சத்தைக் குணாளன் நெருப்பில் கேட்டுக்கொண்டான்.

ஒரு சக்கரத்துக் கம்பி முப்பத்தாறு,
இரண்டு வளையம்,
ஒரு துடைப்பக் கம்பு.
எவ்வளவு நீளம் என்றான் குணாளன்.
ரஃபிக்குலை நேராக நிற்கச் சொல்லி
இடுப்பருகே கம்பில் ஆணியால் கீறினேன்.
கூச்சத்தில் அவர் சிரித்தது நினைவிருக்கிறது.
அதுதான் அளவு.
விலை எழுபத்தெட்டு வெள்ளி.
எண்ணெய் வேண்டாம். குனியவும் வேண்டாம்.

யாரோ எடுத்த வீடியோ எப்படியோ போய்ச் சேர்ந்து
கானாவில் ஒரு பெண்கள் சங்கம் இருபது கேட்டது.
கிள்ளான் துறைமுகத்தில் ஏற்றிவிட்டு
அன்றைக்குக் கொஞ்சம் நிமிர்ந்துதான் நடந்தேன்.

இரண்டு மாதம் கழித்து எஃபுவா பேசினாள் கைபேசியில்.
முதுகில் குழந்தை, பின்னால் நம் மரங்களே போல் மரங்கள்.
உங்கள் கம்பு குட்டை, என்றாள்.
இது யாருடைய இடுப்பு?

சுருக்கென்றது.
சேறு தெரியாமல் வரைந்தவனைப் பார்த்துச் சிரித்த வாய்.
ஒரே ஒரு ஆளின் உயரத்தை
இருபது பெண்களுக்குக் கப்பலில் அனுப்பிய கையும்
என்னுடையதுதான்.

அவள் காத்திருக்கவில்லை.
பழைய சைக்கிளின் கைப்பிடியை அறுத்து
கம்பின் தலையில் வைத்திருந்தாள்.
இரண்டு கையாலும் தள்ளலாம், தோள் நோகாது.
லண்டனுக்குப் போகாமல் நியூயார்க்குக்குப் போகாமல்
காட்டிலிருந்து காட்டுக்கு
குறுக்கு வழியில் வந்தது அந்தக் கைப்பிடி.

இப்போது வரைபடம் கேட்கிறார்கள், அங்கேயே செய்துகொள்ள.
கொடுத்தால் நம் பிழைப்பு என்னாவது, என்கிறான் குணாளன்.
அவன் கேட்பது தப்பில்லை.
காப்புரிமைப் பாரம் வாங்கி வைத்திருக்கிறான்.
கண்டுபிடித்தவர் பெயர் எழுத ஒரு வரி.
ஒருவர் பெயர்தான் கொள்ளும்.
ரஃபிக்குலின் பெர்மிட் மார்ச்சில் முடிகிறது.
எஃபுவாவின் முழுப்பெயரை
நான் கேட்டுக்கூட வைக்கவில்லை.

பாரம் மேசையில் கிடக்கட்டும்.
பில் புத்தகத்தின் பின்னட்டையில் வரைகிறேன்:
வளையம் இரண்டு, கம்பி முப்பத்தாறு, இடைவெளி ஒரு விரல்.
கம்பு நீளம் என்று எழுதி
பக்கத்தில் ஒன்றும் எழுதவில்லை.

வாசலில் ரஃபிக்குல்
எஃபுவாவின் கைப்பிடி வைத்த புதுக்கூண்டை உருட்டிப் பார்க்கிறார்.
இரண்டு முழங்கையும் வெளியே துருத்துகின்றன.
அகலம் ஜாஸ்தி, என்கிறார்.
குணாளன் ரம்பத்தைத் தேடுகிறான்.