பதினோராவது வரி

முதலியார் கேட்டார்:
குற்றவாளியா, சுற்றவாளியா.
ஓரெழுத்துத்தான் வித்தியாசம்.
முதலாவதைச் சொன்னேன்.

சீட்டுக்காசை எடுத்தது நான்தான்.
மகனைக் கட்டாருக்கு அனுப்பக் கட்டினேன்,
ஏஜென்சிக்காரன் ஆளே இல்லை.
மறுகா ஒருத்தியின் காசால்
இன்னொருத்தியின் ஓட்டையை அடைத்தேன்.
பத்தொன்பது பேர்.
கல்முனைக் கோட்டின் பின்வாங்கில் இருந்தார்கள்,
என் முகம் பாராமல்.

இரண்டு வருஷம். ஐந்து வருஷத்துக்கு ஒத்திவைப்பு.
நட்டஈடு பதினாலு லட்சத்து அறுபதாயிரம்,
பட்டியலின்படி.
தவணை தவறினால் உள்ளே.

பட்டியலை வீட்டுக்கு வந்துதான் வாசித்தேன்.
ஐஸ் கொம்பனி நேசம்மா, அறுபதாயிரம். சரி.
மருதமுனை சபூறா உம்மா, எண்பது. சரி,
அவ தந்த நோட்டில் மீன் வாசம் இருந்தது.
பதினோராவது வரி யோகமலர், ஒரு லட்சம்.

அவளுக்குக் கொடுத்துவிட்டேன்.
தீப்பள்ளயத்துக்கு முதல்நாள்
சவர்க்காரம் போட்டுக் கழற்றி
இரண்டு காப்பையும் அவள் கையிலேயே.
துண்டு எழுதவில்லை.
பக்கத்து வளவுக்காரியிடம்
துண்டு கேட்க வாய் வரவில்லை.

லோயர் சொன்னார்:
"ஓமெண்டு சொன்னதை இனி மாத்த ஏலாது.
தண்டனை கூட எண்டு போகலாம்,
தொகை பிழை எண்டு போகலாம்.
பதினாலு நாள்."
ஒரு வரிக்கு மட்டும் போகலாமா?
கண்ணாடியைத் துடைத்தார்.
"போனா முழுப் பட்டியலும் நிக்கும்.
முடியுமட்டும் ஒருத்தருக்கும் சதம் போகாது."

ஒருத்தருக்கும்.
நேசம்மாவின் புருஷனுக்குத் திங்களும் வியாழனும்
இரத்தம் சுத்திகரிக்கிறார்கள்.

குற்றவாளி என்று நான் சொன்னது
பத்தொன்பது பேருக்குமா, பதினெட்டுப் பேருக்கா?
முதலியார் அதைக் கேட்கவில்லை.

நேற்று பாண்டிருப்புச் சந்தையில்
யோகமலர் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.
என் கண் நேரே அவள் கைக்குப் போனது.
வெறுங்கை.
வித்தாளோ, பாங்கில் வைத்தாளோ.
அவளும் என் கையைத்தான் பார்த்தாள்.
இருவரும் விலை மட்டும் கேட்டோம், கடைக்காரனிடம்.

இன்று பதினாலாம் நாள்.
கைப்பையில் மனு நாலாக மடித்தபடி,
கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறது.
அதன் கீழே முதல் தவணைக் காசு,
ரப்பர் வளையம் போட்டு.
பதிவாளரின் யன்னலில் வரிசை
வேப்பமரம்வரை நீள்கிறது.
காசு கட்டும் யன்னலில் யாருமில்லை.
உள்ளே ஒரு பெடியன்
சோற்றுப் பார்சலைப் பிரிக்கிறான்,
என்னைக் கண்டு
மறுபடியும் மூடுகிறான்.