வரவு தேதி

மேலூர் பஞ்சர் கடைச் செல்லப்பாண்டி
ஈரிழைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்தான்,
ஒரு தகரக் குவளை.
காது ஒடிந்திருந்தது.
அடியில் ஆணியால் கீறிய நாலு எண்கள்.
"சயாமுக்கு ரயில்பாதை போடப் போனவரு சார்.
எங்க தாத்தாவுக்கு அண்ணன்.
பேரு சோணைமுத்து."

நான் சார் இல்லை.
கையுறையும் முகக்கவசமும் மாட்டிவிட்டால்
இந்தக் கிட்டங்கியில் எல்லாருமே சார்தான்.

பொருள்: குவளை.
நிலை: எனாமல் உதிர்ந்தது, உள்பக்கம் துரு.
உயரம்: ஒன்பதரை சென்டிமீட்டர்.
எடைக்கு வைத்தபோது சிரித்தான்.
"பழைய இரும்புக் கடையிலயும்
இப்படித்தான் முதல்ல நிறுப்பாங்க."

கீறிய எண் அவர்கள் கொடுத்ததா,
அவரே போட்டுக்கொண்டதா, தெரியாது.
கூடப் போனவர் ஒருவர்
குவளையை மட்டும் கொண்டுவந்து கொடுத்துவிட்டு
ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாராம்.
அந்த எண்ணுக்குக் கீழே
நான் இன்னொரு எண் எழுதினேன்,
விதிப்படி, அழிக்கக்கூடிய மையில்.

முன்கூடத்தில் துப்பாக்கி இருக்கிறது.
அதற்கென்று தனி விளக்கு.
பள்ளிக்கூடப் பிள்ளைகள் கண்ணாடியில் மூக்கை அழுத்தி
"நெசத் துப்பாக்கியா? சுடுமா?" என்பார்கள்.
நாள்முழுக்கத் துடைத்தாலும் மூக்குத்தடம் போகாது.
பக்கத்துச் சுவரில் யுத்தத்தின் வரைபடம்.
சிவப்பு அம்புக்குறிகள்
கடலைத் தாண்டி, காட்டைத் தாண்டிப் போகின்றன.
அம்புக்குறிக்குத் தாகம் எடுப்பதில்லை.

"எப்போ இறந்தாரு?"
"அதுதான் சார் எம்பது வருசமா வீட்ல சண்டை."

அவர் சம்சாரம் காத்தாயி
பூவை எடுப்பதா வைப்பதா தெரியாமல்
முழம் வாங்காமல் ஒரு கண்ணி மட்டும் வாங்கி
சாகிறவரை தலையில் செருகிக்கொண்டிருந்தாளாம்.
பூக்காரி காசு வாங்கமாட்டாளாம்.
திதி தெரியாத கணக்கில் சேர்த்து
ஆடி அமாவாசைக்கு, கூட்டத்தோடு கூட்டமாக,
அவருக்கும் ஒரு பிடி எள்ளுத் தண்ணீர்.

'தெரியவில்லை' என்று அடித்தேன்.
கணினி ஏற்கவில்லை.
நாள், மாதம், ஆண்டு,
மூன்றுக்கும் பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம்.
கோடு போட்டேன், சுழி போட்டேன்.
கடைசியில் அந்தக் கட்டத்தைத் தாண்டி
அடுத்ததை நிரப்பினேன்.
வரவு தேதி: மே பதினொன்று.
அழகர் மலைக்குத் திரும்பி இரண்டு நாள் ஆகியிருந்தது.
தல்லாகுளத்தில் இன்னும் பந்தல் பிரிக்கவில்லை.

ரசீதை நீட்டினேன், ரப்பர் முத்திரை காய்வதற்குள்.
நின்றபடியே இரண்டுமுறை வாசித்தான்.
"இதுல அவரு பேரும் இருக்கு, தேதியும் இருக்கு."
"ஆமா."
"ரெண்டும் ஒரே காயிதத்துல இப்பதான் சார் பாக்குறோம்."
மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான்.
"இதையே வச்சுக்கிடுறோம்."

இது பொருள் வந்த தேதி, ஆள் போன தேதி இல்லை
என்று சொல்லியிருக்க வேண்டும்.
ஒப்பந்த ஊழியர்தான் என்றாலும்
அதைச் சொல்லத்தான் எனக்குச் சம்பளம்.
ஸ்கூட்டர் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது.
சொல்லவில்லை.

குவளைக்கு இன்னும் கண்ணாடிப் பெட்டி வரவில்லை.
நிதி கேட்டு எழுதியிருக்கிறோம்.
பதினேழாம் இழுப்பறையில் கிடக்கிறது,
காற்றின் ஈரத்தைக் குடிக்கும்
வெள்ளைப் பொட்டலங்களுக்கு நடுவே,
இனி ஒரு சொட்டும் படாமல்.

மறுவருசம் மே பதினொன்று.
செல்லப்பாண்டியும் அவன் மனைவி ராக்குவும்
வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தார்கள்.
அவள் கையில் ஒரு லிட்டர் பாட்டில்.
வைகையில் இறங்கினோம், மணல்தான் இருந்தது,
குழாய்த் தண்ணிதான் என்றாள்.

திரவங்கள் உள்ளே அனுமதி இல்லை
என்று என் தலைக்கு மேலேயே எழுதியிருக்கிறது.
நான் இழுப்பறையைத் திறந்துவிட்டு
வேறு ஏதோ சாவி தேடப் போனேன்.
மெதுவாகத் தேடினேன்.

சாயங்காலம் ஈரப்பதமானியில்
இரண்டு புள்ளி ஏறியிருந்தது.
காரணம் என்ற கட்டத்தில்
மழை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
வெளியே அக்கினி நட்சத்திரம்
கோரிப்பாளையம் தார்ரோட்டை
உருக்கிக்கொண்டிருந்தது.