குட்

கொண்டெயினர் கதவுக்குப் பின்னால் தொங்குகிறது
மரக்காலை முதலாளி தந்த கலண்டர்.
சிவப்பு இலக்கமெல்லாம் லீவு.
பொங்கலுக்கு ஒன்று, வெசாக்குக்கு இரண்டு,
நிலா நிறைகிற நாளுக்கெல்லாம் ஒவ்வொன்று.
வெளியே வந்தால்
சிவப்புக் கட்டைக்கு அப்பால்
கால் வைக்கக் கூடாது.
ஒரே நிறத்தோடு இரண்டு விதமாய்ப் பழகுகிறோம்
அம்பகாமக் காட்டில்
மிதிவெடி கிண்டும் ஒன்பது பெண்களும்
ஒரு மேற்பார்வையாளரும்.

லால்மிங்சங்கா அவர் பேர். மிசோரம் ஊர்.
முழுப்பேரும் சொல்லி முடிக்குமுன்
யோகமலருக்குச் சிரிப்பு வந்துவிடும்.
சங்கா சேர் என்று சுருக்கிக்கொண்டோம்.

மாசியில் ஒருநாள்
வெட்டிய பற்றை காயட்டும் என்று
வேலை நின்றிருந்தது.
"இண்டைக்கு குட்" என்றார்.
"குட் சேர், வெரி குட்" என்றோம்.
கதிரையில் சாய்ந்து, கண்ணில் தண்ணி வரச் சிரித்தார்.
குட் என்றால் அவர்கள் பாஷையில் திருநாளாம்.
மூங்கில் காட்டை வெட்டிச் சாய்த்துவிட்டு
அது காய்ந்து நெருப்பு வைக்கும்வரை
செய்ய ஒன்றுமில்லாத கிழமைகளில் ஆடுவார்களாம்.
காத்திருப்பதற்கென்றே ஒரு பண்டிகை!
இரண்டு நீட்டுத் தடியை எடுத்து
நிலத்தில் தட்டி, தட்டிச் சேர்த்து
நடுவில் கால் வைக்கச் சொன்னார்.
யோகமலர் துள்ளினாள்.
பத்து வருடமாய்க் கால் வைக்கும் இடம் பார்த்தே
சம்பளம் எடுப்பவள்;
ஒரு தரமும் அகப்படவில்லை.

வைகாசியில்
ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுக்குத்து.
லீவுப் படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
வேறென்ன எழுதுவது?
எங்கள் நாள் கலண்டரில் கறுப்பில்தான் இருக்கிறது.
ஒன்பதையும் வாசித்தார்.
ஒன்றும் கேட்காமல் கையெழுத்து வைத்தார்.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை
மறுபடியும் "குட்" என்றார்.
இம்முறை சிரிக்கவில்லை.
கிணற்றுத் தண்ணியில் வளர்த்த சோளம்,
முதல் பொத்திகளை அவித்துக் கொண்டுபோயிருந்தேன்.
ஒன்றை வாங்கி, மடல் உரிக்காமல்
ஆளில்லாத கதிரைக்கு முன்னால் வைத்தார்.
செத்துப்போன ஆட்கள்
இந்த மாதம் வீட்டுக்கு வருவார்களாம்.
புதுச்சோளம் முதலில் அவர்களுக்கு,
மிச்சம்தான் இருப்பவர்களுக்கு.
"எனக்குத் தம்பி ஒருத்தன்" என்றார்.
அதோடு நிறுத்திக்கொண்டார்.

தவச்செல்வி கடிக்கப் போன பொத்தியைக் கீழே வைத்தாள்.
மெல்ல மேசையில் தள்ளினாள்.
பிறகு பவானந்தி. பிறகு நான்.
யோகமலர் மட்டும்
கையில் பொத்தியோடு நின்று கேட்டாள்:
"ஒரு கதிரைக்கு எத்தனை பேர் வரலாம், சேர்?"
கொஞ்ச நேரம் யோசித்தார்.
எங்களிடம் பொறுக்கிய தமிழில் சொன்னார்:
"நெருங்கி இருப்பினம்."

ஒரு மணிக்கு விசில்.
முகமூடியை இழுத்துவிட்டு
அவரவர் பாதைக்குள் குனிந்தோம்.
என் கருவி அன்று முழுக்கக் கத்தியது
ஒரு சாப்பாட்டுக் கரண்டிக்கும்
ஒரு சைக்கிள் பூட்டுக்கும்.

அடுத்த வைகாசி வந்தது.
படிவத்தில் காரணம் என்ற இடத்தில்
ஒன்பது பேரும் ஒரே சொல்லை எழுதினோம்.
கொழும்புக் கந்தோரில் இருந்து போன்:
ஏதோ எழுத்துப் பிழை போல இருக்கிறதே,
குட் என்று கிடக்கிறதே?

பிழை இல்லை என்றார் சங்கா சேர்.
போனை வைத்தார்.