சான்றுப்பொருள் எண் மூன்று

அம்பாசமுத்திரத்துக் கழுத்துகளில் பாதி
என் உரைகல்லைத் தொட்டுப் போனவை.
நகைக்கடன் மதிப்பீட்டாளன்.
ஆறு நாள் நல்லதைத் தேடுகிறேன்,
ஞாயிற்றுக்கிழமை கள்ளத்தை.

மேலப்பாளையம் மைதீன் பிச்சைக்கு
முதலில் பிடிபடவில்லை.
‘பாண்டியன் மீன்காசு கெடக்கு,
டச்சுக்காரன் துட்டு கெடக்கு,
ஈயத்தக் கேக்கீரே வே.’
இப்போது எனக்கென்று தனி டப்பா,
மூடியில் பேனாவால்:
பேங்க்காரர். செல்லாதது.

நாற்பத்தொன்று சேர்ந்திருக்கிறது.
முலாம் உரிந்து செம்பு இளிக்கும் விக்டோரியா,
அச்சு வெட்டியவனுக்குப் படிக்கத் தெரியாமல்
எழுத்தெல்லாம் கண்ணாடியில் பார்த்தபடி திரும்பிய
ஒரு சல்லி.
போன வருஷம் குறுக்குத்துறை மணலில் புதைத்து
இந்த வருஷம் ‘கண்டெடுத்த’ ரோமாபுரி ராஜாக்களை
நான் தொடுவதில்லை.
அலமாரியை ஏமாற்றப் பிறந்தவை அவை.
என் காசு ஒருநாளாவது
சந்தையில் கைமாறியிருக்க வேண்டும்,
வியர்த்து நீட்டிய கையிலிருந்து
எண்ணாமல் வாங்கிய கைக்கு.

அதை ஈயம் சொல்லாது.
கூட வரும் துண்டுச்சீட்டு சொல்லும்.
சீட்டில்லாத கள்ளக்காசைத்
தூண்டிலில் கட்டலாம்.

ஐப்பசி மழையில், ரயில்வே கேட் மூடியிருந்தபோது,
மைதீன் பிச்சை சாரத்து மடிப்பிலிருந்து எடுத்தார்:
ஒரு ரூபாய், 1904,
மகுடமில்லாத எட்வர்டு.
ஓட்டையில்லை. குறுக்கே சணல் கட்டி,
நுனியில் அட்டை, பாதி உதிர்ந்த அரக்கு.

சேரன்மாதேவி. சான்றுப்பொருள் எண் மூன்று.
கள்ள நாணயம்.
எதிரி உச்சிமாகாளி, வயது 26.
கடையம் சந்தையில்
கருப்பட்டிச் சிப்பத்துக்குக் கொடுத்தது.
எட்டு மாதம் கடுங்காவல்.

எதிரி. கோர்ட்டில் அப்படித்தான் எழுதுவார்கள்,
யாருக்கு என்று எழுதுவதில்லை.

மூவாயிரம் கேட்டார்.
நல்ல எட்வர்டே அதில் பாதிக்குக் கிடைக்கும்.
பேரம் பேசாமல் கொடுத்தேன்.

வீட்டில் நூலை நகர்த்திச் சணலோடு நிறுத்தேன்,
சணலுக்குக் கழித்தேன்.
பதினொன்று புள்ளி ஆறு நான்கு.
மறுபடி நிறுத்தேன்.
தரையில் தட்டினேன்.
அடுக்களையிலிருந்து பூரணி கேட்டாள்:
‘வெள்ளியா விழுந்துச்சு?’
விளிம்பைக் கல்லில் இழுத்து
திராவகம் விட்டேன்.

நல்ல காசு.

அட்டையை விளக்கில் பிடித்தேன். மை பழையது.
முடிச்சு பழையதா, தெரியவில்லை.

கருப்பட்டிக்காரன் கண் தப்பா,
மாஜிஸ்திரேட் காது தப்பா?
இல்லை, பின்னால் யாரோ
கள்ளத்தை அவிழ்த்துவிட்டு
நல்லதைக் கட்டினார்களா?
அப்படியொரு திருடன் உண்டா ஊரில்?

ஒருவேளை,
அட்டையில் இல்லாத ஒருத்தி,
பாம்படத்தை விற்று இரண்டு நல்ல ரூபாய் வாங்கி
ஒன்றைக் குமாஸ்தா கையில் திணித்து
இன்னொன்றை மாற்றிக் கட்டச் சொல்லியிருக்கலாம்.
மேல்கோர்ட்டில்
இன்னொரு தடவை தட்டிப் பார்ப்பார்கள் என்று
யாரோ அவளிடம் சொல்லியிருக்கலாம்.

நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது.
தட்டியது நான்தான் போலிருக்கிறது,
மொசைக் தரையில், லுங்கியோடு.

மைதீன் பிச்சைக்குப் போன் போட்டேன்.
சிரித்தார்.
‘நல்லதுன்னா திருப்பிக் குடும் வே,
நான் வித்துக்கிடுதேன்.
அட்டைய மட்டும் அவுத்துரும்.
அது கெடந்தா எவன் வாங்குவான்?’

அவிழ்க்கவில்லை.
நாற்பத்திரண்டு என்றும் எழுதவில்லை.
மேசையில் கிடக்கிறது, கரண்ட் பில்லுக்கு மேல்.

திங்கட்கிழமை
கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு பெண்,
காலேஜ் பீஸ் கட்டக் கடைசி நாள்.
கொக்கிப் பக்கம் உரைத்தபோது
கோடு கொஞ்சம் வெளிறித் தெரிந்தது.
‘கள்ளமா சார்?’ என்றாள், குரல் இறங்கி.
வரிசை வாசல்வரை நின்றது.

‘இரும்மா’ என்றேன்,
‘இன்னொரு தடவை பாக்கேன்.’