கேள்வி நின்ற இடம்

கோண்டாவில் டிப்போவுக்குப் பின்னாலே
இரண்டு அறை, ஒரு குசினி, பங்குக் கிணறு,
மதிலோரம் மூன்று கமுகு.
வாடகைக்கு என்று மட்டையில் எழுதிக்
கேற்றில் கட்டியிருந்தார்கள்.
ஐந்து மாத மழை
முதல் எழுத்தைத் தின்றிருந்தது.

தவக்கீதனுக்காக நான்தான் முதலில் போய்ப் பார்த்தேன்.
ஒரே துறை. ஒரே நாளில் நியமனம்.
அவன் புள்ளிவிபரம் படிப்பிக்கிறான்,
நான் சமூகப் படிநிலை.

திறப்பு வைத்திருந்தவர் கேட்டார்:
“பிள்ளை எந்த இடம்?”
உரும்பிராய்.
“உரும்பிராயில எவடம்?”
கோயிலின் பெயரைச் சொன்னேன்.
“அப்ப அதிபர் சபாநடேசன்ரை…”
ஓம், மூத்த மகள்.

அதோடு முடிந்தது.
பூப்போட்ட கோப்பையில் தேத்தண்ணி, தட்டோடு.
திறப்பு என் கையில்.
முற்பணம் பிறகு பாப்பம் என்றார்.

மூன்று கேள்வி. நாற்பது செக்கன்.

இதைத்தான் நான் திங்கட்கிழமை எட்டு மணிக்கு
சிறப்புரிமை என்று பலகையில் எழுதுகிறேன்:
தன்னிடம் இருப்பதை அறியாமலே
ஒருவர் அனுபவிக்கும் அனுகூலம்.
பிள்ளைகள் சிவப்புப் பேனையால் கீழ்க்கோடு இழுப்பார்கள்.
பரீட்சைக்கு வரும். ஐந்து புள்ளி.

அறியாமலே என்பது பொய்.
அந்தக் கோயிலின் பெயரை
நான் ஏன் அவ்வளவு கெதியாய்ச் சொன்னேன்?

பின்னேரம் அவன் மோட்டார்சைக்கிளில் வந்தான்.
அதே கேள்வி.
அவன் சொன்ன இடத்துக்கு ஒரு எவடம் இருந்தது,
எவடத்துக்கு எந்தப் பக்கம்,
பக்கத்துக்கு ஒழுங்கை,
ஒழுங்கைக்குத் தகப்பன்,
தகப்பனுக்கு என்ன வேலை.
எல்லாவற்றுக்கும் மறுமொழி சொன்னான்,
சென்றியில் அடையாள அட்டை நீட்டிப் பழகிய குரலில்.
சாதி என்ற சொல்
அந்த முற்றத்துக்கு ஒருதரமும் வரவில்லை.
தேத்தண்ணியும் வரவில்லை.

“வீட்டுக்காரரைக் கேட்டுத்தான் தம்பி சொல்லவேணும்.”

வீட்டுக்காரர் ஸ்காபரோவில்.
இரவு வீடியோவில் என்னோடு கதைத்தார்.
எண்பத்தெட்டில் தான் போய் இறங்கிய கதை.
போனில் அறை இருக்கு என்றவள்
கதவைத் திறந்து முகத்தைக் கண்டதும்
இப்பதான் குடுத்துப் போட்டன் என்றாளாம்.
பனிக்குள் பதினொரு கதவு.
“நிறம் பிள்ளை, நிறம்.
அவையளுக்கு நாங்கள் மனுசரே இல்லை.”
கண் கலங்கியது. நடிப்பில்லை, பார்த்தால் தெரியும்.
பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
“எனக்கெண்டா ஒண்டுமில்லை.
கிணறு பங்குக் கிணறு.
அயல் என்ன சொல்லும்?”

பன்னிரண்டாவது கதவு என்று சொல்ல வாயெடுத்தேன்.
அந்த நேரம் பார்த்துச் சிக்னல் போய்விட்டது
என்று எழுத ஆசைதான்.
சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.
“ஓம் அண்ணை, விளங்குது” என்றேன்.

அடுத்தநாள் கன்ரீனில்
“என்ரை பேரில எடுக்கிறன், நீர் இரும்” என்றேன்.
கீதன் ரோல்ஸை இரண்டாய்ப் பிய்த்தான். உள்ளே வெறும் கிழங்கு.
“அப்ப தண்ணி அள்ளேக்கையும்
உம்மடை பேரைச் சொல்லித்தான் அள்ளவேணுமோ?”
சிரித்தான்.
சிரிக்கலாமா என்று தெரியாமல்
நானும் சிரித்தேன்.

இப்போதும் முப்பது கிலோமீற்றர் ஓடித்தான் வருகிறான்.
கார்த்திகை மழைக்குள் இரண்டு நாள் பிந்திவிட்டது.
நேரந்தவறாமை பற்றித்
துறைத்தலைவர் அவனுக்கொரு கடிதம் கொடுத்திருக்கிறார்.
நல்ல தமிழில்.

திறப்பை நான் இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.
கைப்பைக்குள் சீப்போடும் சில்லறையோடும் கிலுங்குகிறது.
நேற்றுத் திருநெல்வேலிச் சந்தையடியில் ஓட்டோ மறித்தேன்.
“எந்த இடம் அக்கா?”
போகவேண்டிய இடத்தைத்தான் கேட்டான்.
நான்
கோயிலின் பெயரையும் சேர்த்துச் சொன்னேன்.